நாய்களுக்குச் சோறு வைத்த வீடு

ஊரப்பாக்கம்
8.1.2025

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

மாமா துரைராஜ் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை பொன்னியம்மாள், உன் மகள் தேவதர்ஷினி மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் மேலே போ.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீ வால்பாறை டவுனுக்கு வந்து கூப்பிட்டால், தேவி ஸ்பீக்கரைப் போட்டு போனை மடியில் வைத்துக்கொள்கிறாள். ஆறு வயசுப் பிள்ளை காதில் விழக் கூடாத சமாச்சாரம் இது. அவளாக உன்னிடம் உளறுவதற்குள் நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் லேஅவுட்டுக்குச் சிறுத்தை வந்தது.

பதறாதே. வந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன், இருக்கிறது என்று எழுதவில்லை. துரத்திவிட்டேன்.

போன வாரம் விடியக்காலையில் பால் வாங்கப் பின்கதவைத் திறந்தேன். துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், காம்பவுண்டு சுவர்மேல், கன்னுக்குட்டி சைஸில் உட்கார்ந்திருக்கிறது. வால் மட்டும் தனியாக ஒரு பாம்பு மாதிரி ஆடுகிறது. கண் இரண்டும் லாரி ஹெட்லைட். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும். நான் இடுப்பில் கையை வைத்து, "இன்னாடா, யார் வூடுன்னு தெரிஞ்சிதான் வந்தியா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். கடைசியில் அதுதான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு காட்டுப் பக்கம் இறங்கிப் போயிற்று. உன் அத்தையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். பால் தூக்கை வீசிவிட்டு உள்ளே ஓடி வந்தேன் என்பாள். தூக்கு கை தவறி விழுந்தது. உள்ளே வந்தது டார்ச் எடுக்க.

வண்டலூர் ஜூவிலிருந்து தப்பி வந்தது என்று டீக்கடையில் ஒரு கோஷ்டி கிளப்பியது. அங்கே எல்லாம் கூண்டில் பத்திரமாக இருக்கிறதாம். இது மலைக்காட்டிலேயே திரிகிற சுதந்திர ஜாதி. வனத்துறைக்காரர்கள் வந்து மண்ணில் தடத்தைப் பார்த்தார்கள், நகம் பதியவில்லை, அதனால் சிறுத்தைதான் என்றார்கள். தடத்தைப் பார்த்துச் சொல்ல அத்தனை படிப்பு. நேரில் பார்த்தவன் ஏழாம் கிளாஸ்.

அவர்கள் மரத்தில் காமிரா கட்டினார்கள். நான் படை திரட்டியிருக்கிறேன். கோழிக்கடையில் மிஞ்சுகிற தலை, கால், தோல் எல்லாம் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அத்தை அதை நொய்யரிசியோடு அண்டாவில் வேகவைக்கிறாள். லேஅவுட்டில் உள்ள தெருநாய் அத்தனையும் இப்போது நம் வீட்டைச் சுற்றித்தான் படுத்திருக்கிறது. தேவி ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, நீ அனுப்பிய பச்சை ரிப்பனை வெட்டிக் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறாள். ராஜா, டிக்கெட், ஜிலேபி. ஜிலேபி அவள் நிழல் மாதிரி.

படுக்கையை மட்டும் ஹாலுக்கு மாற்றியிருக்கிறோம். ஹால் ஃபேன் நல்ல ஃபேன். மார்கழிப் பனியில் ஃபேன் எதற்கு என்று எழுதிக் கேட்காதே.

இப்படிக்கு,
மாமா துரைராஜ்


வால்பாறை
13.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை டிஸ்பென்சரி வாசலில் நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

தேவியை ஏன் உங்களிடம் விட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் எஸ்டேட் குடியிருப்பில் கீழ் லைன் வீட்டுப் பெண் குழந்தை. தேவியோடு விளையாடியவள். சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் அம்மா கொடியில் துணி எடுக்க முதுகைத் திருப்பினாள். ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது தேயிலைச் செடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தேடி எடுத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தபோது துணியை விலக்கிப் பார்த்த நர்ஸ் நான். அன்றைக்கே முடிவு செய்தேன். அவர் குவைத்தில், நான் டூட்டியில், பிள்ளை வாசலில் என்று இங்கே இருக்க முடியாது. ரயில் ஓடுகிற, விளக்கு எரிகிற ஊரில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாமா, அது கன்னுக்குட்டி அளவு இருக்காது. பெரிய நாய் அளவுதான் இருக்கும். அதனால்தான் பயம். முழங்கால் உயரத்துக்குப் புல் இருந்தால் அதற்குப் போதும், பக்கத்தில் போகிறவருக்கும் தெரியாது. அது கண்ணைத் தாழ்த்தியும் இருக்காது. உங்கள் வீட்டுக் கதவு எப்போது திறக்கிறது, யார் முதலில் வெளியே வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

நாய்களுக்குச் சோறு வைக்காதீர்கள். கையெடுத்துக் கேட்கிறேன். ஊர் ஓரத்துக்கு வருகிற சிறுத்தைக்கு நாய்தான் சாப்பாடு. பன்றி என்றால் குத்தும், மான் என்றால் ஓடும். நாய், சோறு கிடைத்த இடத்திலேயே சுருண்டு தூங்கும். படை என்று எழுதியிருக்கிறீர்கள். என் பிள்ளை தூங்குகிற வீட்டைச் சுற்றி நீங்கள் பந்தி போட்டிருக்கிறீர்கள்.

துவைக்கிற கல்லில் தேவி உட்காரவே கூடாது. குனிந்திருப்பவரையும் குந்தியிருப்பவரையும் அது ஆடோ நாயோ என்றுதான் நினைக்கும். நிற்கிற ஆளைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கும்.

அவள் படுக்கைக்கும் அந்தச் சுவருக்கும் எவ்வளவு தூரம்? உள்ளதை எழுதுங்கள்.

சந்திரிகா


ஊரப்பாக்கம்
20.1.2025

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உன் கடிதத்தைப் படித்ததும் பொங்கின பால் கொஞ்சம் அடங்கிவிட்டது என்று உன் அத்தை சொல்கிறாள்.

எவ்வளவு தூரம் என்று கேட்டாய். நடுவில் ஒரு செங்கல் சுவர், ஒரு ஜன்னல், ஒரு கொசுவலை, அப்புறம் நான். அதில் நானே முக்கியம்.

நீ ஏதோ பந்தி என்று எழுதிவிட்டாய். நாய் குரைத்தால் யானையே நின்று யோசிக்கும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். நான் சின்ன வயசில் வண்டலூர் மலையில் விறகுக்குப் போனவன். என்னென்ன மிருகம் என்னைப் பார்த்து ஒதுங்கியிருக்கிறது என்று எழுதினால் தபால் ஸ்டாம்பு பத்தாது. யூடியூப் சேனல்காரன் ஒருவன் மைக்கோடு வந்தான். அவனிடம் மொத்தக் கதையும் சொன்னேன். கொஞ்சம் ஓட்டமாக இருக்கட்டும் என்று, வாலைப் பிடித்துப் பார்த்தேன் என்பதையும் சேர்த்தேன். இப்போது ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்துகூட ஆள் வந்து என்னோடு செல்ஃபி எடுக்கிறான்.

நீ பயந்த பிள்ளை என்பதால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். பின்பக்கம் முழுக்க இரும்பு கிரில். காலிமனைக்கு அடுத்த வீட்டு நசீருதீன், திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறானே, அவன் கை வேலை. அளவெடுக்க வந்தவன் தலையைச் சொரிந்துகொண்டு நின்றான்.

"ணா, மேலயும் மூடிட்டா நல்லாருக்கும்."

"ஏம்ப்பா, அது இன்னா ஹெலிகாப்டர்லயா வந்து எறங்கப் போவுது?"

"ஏறும்ணா. பூனை ஜாதிதானே அது."

"நீ பக்கத்துல கம்பியப் போடு. மேல நான் பாத்துக்கறேன்."

ஆனாலும் நசீர்மேல் எனக்கு ஒரு வருத்தம். விடியக்காலையில் எவனாவது மரம் அறுப்பானா? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு காலிமனை இருக்கிறது பார், அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. கொர்... கொர்... என்று ரம்பம் இழுக்கிற சத்தம். கொஞ்ச நேரம் இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு. என் படையே வாசற்படியோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. ஒன்றாவது வாயைத் திறக்கவில்லை. தொழிலில் சுறுசுறுப்பு வேண்டியதுதான், அதற்காக ஊரார் தூங்க வேண்டாமா? பக்கத்து வீட்டு மனுஷனாயிற்றே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றபடி ராஜாவைத்தான் நாலு நாளாகக் காணோம். தை பிறந்துவிட்டது, அவனுக்கும் எங்காவது சம்பந்தம் கூடியிருக்கும் என்று தேவியிடம் சொல்லியிருக்கிறேன்.

மாமா துரைராஜ்


வால்பாறை
25.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நசீர் அண்ணன் இரும்பு வேலை செய்கிறவர். பட்டறை இருப்பது திருமுடிவாக்கத்தில். அவர் எதற்குக் காலிமனையில் மரம் அறுக்கிறார்?

சிறுத்தை கர்ஜனை செய்யாது, மாமா. அப்படித்தான் கத்தும். ரம்பம் இழுக்கிற மாதிரி. இங்கே கைக்குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும், கேட்டதும் அம்மாவை இறுக்கிக்கொள்ளும். இந்த இடம் என்னுடையது, வேறு யாரும் வராதே என்று இன்னொரு சிறுத்தைக்கு அது சொல்கிறது. வந்து போகிற விருந்தாளி அப்படிச் சொல்லாது. அது உங்கள் லேஅவுட்டில் தங்கிவிட்டது.

ராஜா கல்யாணத்துக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் தேவி சொன்னாள். "அம்மா, தாத்தா மூணு தாழ்ப்பாளும் போட்டுட்டு பீரோவையும் கதவுகிட்ட தள்ளி வெக்கிறாரு. ஏன்மா?" நான் என்ன சொல்லட்டும்? கதவுக்குப் பின்னால் பீரோவைத் தள்ளிவைக்கிற மனிதர், எனக்கு மட்டும் பதறாதே என்று எழுதுகிறீர்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் பயம் என்றே எழுதுங்கள். நீங்கள் பயப்படுவது தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

கிரிலுக்கு மேலே மூடுங்கள்.

இன்னொன்று. இங்கே பொழுது சாய்ந்த பிறகு நடக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நடக்க மாட்டார்கள். தனியாக இருந்தாலும் ஏதாவது சத்தமாகப் பேசிக்கொண்டு, பாடிக்கொண்டு, தூக்குச் சட்டியைத் தட்டிக்கொண்டு போவார்கள். சிறுத்தை மனிதரைத் தேடி வருகிற பிராணி இல்லை. நாம் வருவது முன்னாலேயே தெரிந்தால் ஒதுங்கிவிடும். தெரியாமல் கிட்டே போய்விட்டால்தான் ஆபத்து. தேவியை வெளியே கூட்டிப்போனால் பேசிக்கொண்டே போங்கள். அது உங்களுக்குக் கஷ்டமான காரியம் இல்லை.

சந்திரிகா


ஊரப்பாக்கம்
31.1.2025

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

உன் கடிதம் கையில் இருக்கும்போதே நசீரைத் தெருவில் பிடித்தேன். "ஏம்ப்பா, காலங்காத்தால மரம் அறுத்துகினு கீறியே, இன்னா விசயம்?" என்றேன்.

"நான் எங்கணா அறுத்தேன்? நீதான் அறுக்கறேன்னு ஜெய்னப் டெய்லி திட்டிகினு கீது. பெரிய மனுசன், சொன்னா கோச்சிக்குவேன்னு நான் வாய மூடிகினு இருந்தேன்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் காலிமனையைப் பார்த்தோம். அவன் அன்றைக்கே பட்டறைக்குப் போய்க் கம்பி கொண்டுவந்து, கிரிலுக்கு மேலேயும் மூடிவிட்டான்.

நீ சொன்ன வேலைகளில் எனக்குப் பிடித்தது அந்தப் பேசுகிற வேலை. தேவிக்கு நசீர் சம்சாரம் ஜெய்னப்தான் டியூஷன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் போய் அழைத்து வருகிறேன். காலிமனையைத் தாண்டும்போது என் குரல் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிறது. பிரேக் பிடிக்காத சிமெண்ட் லாரியை ஒற்றைக் கையால் நிறுத்தினது, ஏரியில் முதலையோடு நீச்சல் போட்டி வைத்தது, கவர்னர் என் கடைக்கு வந்து ஜல்லி விலை கேட்டது, எல்லாம் சொல்கிறேன். "தாத்தா, ஏரியில முதலை கீதா?" என்று கேட்கிறாள். அந்த முதலை என்னிடம் தோற்ற வெட்கத்தில் ஊரைவிட்டே போய்விட்டது என்றேன். இப்போது சிறுத்தைக்கும் என் சரித்திரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

நாய்ச் சோறை நிறுத்தலாம் என்றுதான் பார்த்தேன். தேவி அழுகிறாள். நிறுத்தினால் அவைகளும் போய்விடும், அப்புறம் வீட்டைச் சுற்றி என்ன இருக்கும் என்றும் ஒரு யோசனை. டிக்கெட்டையும் காணோம். பஞ்சாயத்து வண்டி பிடித்துக்கொண்டு போயிருக்கும்.

காலிமனை பாதாம் மரத்தில் ஒரு சாக்குப் பை சிக்கியிருக்கிறது. ஆள் எட்டாத உயரம், கிளை பிரிகிற இடம். எவனோ குப்பையைக் கட்டித் தூக்கி எறிந்திருக்கிறான். நாற்றம் தாங்கவில்லை, காக்காய் ஓயாமல் கத்துகிறது. பச்சையாக ஒரு நாடா அதிலிருந்து தொங்குகிறது. ஏணி போட்டு இழுத்துவிடலாம் என்றேன், உன் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தேவி கேட்டால் சாக்குப் பை என்றுதான் சொல்கிறேன். உனக்கும் அப்படியே எழுதுகிறேன்.

இருட்டினால் ஆட்டோக்காரர்கள் லேஅவுட்டுக்குள் வருவதில்லை. முனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பயந்தாங்கொள்ளிகள்.

மாமா துரைராஜ்


வால்பாறை
5.2.2025

மாமா,

அது சாக்குப் பை இல்லை. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பச்சை நாடாவை எழுதியிருக்கிறீர்கள். அந்த ரிப்பனைக் கடையில் நின்று தேர்ந்தெடுத்தது நான்.

தின்று மீந்ததை அது மரத்தில் ஏற்றி வைக்கும். வேறு எதுவும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. பசித்தால் அந்தியில் திரும்பி வரும். அந்தி நேரத்தில்தான் நீங்கள் என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தடியில் நடக்கிறீர்கள்.

இத்தனை நாள் உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். என் கல்யாணத்தில் நீங்கள் சம்பந்தி வீட்டாரிடம் அளந்ததைக்கூட இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். இது அப்படி இல்லை. நீங்கள் எழுதுவதில் எது நடந்தது, எது நடக்காதது என்று நான் இந்த மலையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். வார்டில் ஊசி போடும்போது மருந்துச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு பாட்டியம்மா என் கையைப் பிடித்து, "என்ன கண்ணு, நீயே இப்படித் தடுமாறுற?" என்று கேட்டுவிட்டார்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வந்து தேவியை அழைத்துக்கொண்டு போகிறேன். எங்கே அழைத்துப் போவாய் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

அதுவரைக்கும் அந்த மரத்தின் பக்கம் வேண்டாம். நாய்ச் சோறு இன்றோடு நிற்கட்டும். தேவி அழுதால் அழட்டும். ஒருவேளை எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள், ஓடுவது எதுவானாலும் அது பாயும். குனியாதீர்கள். தேவியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளுங்கள், உயரமாகத் தெரிய வேண்டும். சத்தம் போடுங்கள். முதுகைக் காட்டாமல் பின்னால் வாருங்கள். இதை அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

சந்திரிகா


ஊரப்பாக்கம்
11.2.2025

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

தேவிக்கு ஒன்றும் இல்லை. சாப்பிட்டாள், தூங்குகிறாள். உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே சோறு வைப்பதை நிறுத்தினேன். மற்ற நாய்கள் எல்லாம் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஜிலேபி மட்டும் போகவில்லை. அது சோற்றுக்கு வந்த நாய் இல்லை, தேவிக்காக வந்தது. டியூஷன் முடிகிறவரைக்கும் ஜெய்னப் வீட்டு கேட்டிலேயே படுத்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. பாதாம் மரத்தின் பக்கம் வேண்டாம் என்று நீ எழுதியபடி சுற்று வழியில்தான் வந்தேன். அந்த வழியும் அதே காலிமனையின் மறுபக்கம்தான் போகிறது. மழைநீர்க் கால்வாய்க்கென்று இறக்கிய பெரிய சிமெண்ட் குழாய்கள் அங்கே கிடக்கின்றன. நான் லாரிக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜிலேபி நின்றுவிட்டது. ஒரு முனகல். எங்கள் காலுக்கு நடுவில் நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

குழாய்மேல் படுத்திருந்தது. முதலில் எனக்குக் குழாய்மேல் ஏதோ நிழல் என்றுதான் தோன்றியது. பிறகு அந்த நிழல் தலையைத் தூக்கியது.

உன் கடிதத்தில் இருந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. தேவியைத் தூக்கித் தோளில் வைத்தேன். ஓடவில்லை. தைரியத்தில் நின்றேன் என்று நினைக்காதே, கால் வரவில்லை. சத்தம் போடு என்று எழுதியிருந்தாய். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை, சந்திரிகா. அறுபத்திரண்டு வருஷமாக ஓயாத வாய். காற்றுகூட வரவில்லை.

"தாத்தா, பேசு" என்றாள். என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். "பேசு தாத்தா, அம்மா சொல்லிச்சுல்ல."

நான் பேசாததைப் பார்த்து அவளே ஆரம்பித்துவிட்டாள். என்ன குரல் தெரியுமா? "ஏய்! எங்க தாத்தா யாருன்னு தெரியுமா? லாரியவே ஒத்தக் கையால நிறுத்துனவரு! முதலையே அவரப் பாத்து ஓடிப்போச்சு! கவர்னரே வந்து ஜல்லி வெல கேட்டுட்டுப் போனாரு!" பிள்ளையின் கால் இரண்டும் என் நெஞ்சில் இடிக்கிறது, நடுக்கத்தில். ஆனால் குரல் நடுங்கவில்லை.

அது எங்களைப் பார்த்தது என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். எங்களைப் பார்க்கவே இல்லை. ஜிலேபியைத்தான் பார்த்தது. ஜிலேபிக்கு அது தெரிந்துவிட்டது. என் காலை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் ஓடியது. குழாய்மேலிருந்து அது இறங்கியதை நான் பார்க்கவில்லை. தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நாய் பாதிக் குரல் கொடுத்தது. மீதிப் பாதி வரவில்லை. புல் கொஞ்ச நேரம் ஆடியது.

தேவி கத்துவதை நிறுத்தவில்லை. நசீர் கடப்பாரையோடு ஓடி வந்தான், பின்னாலேயே ஜெய்னப் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் வந்து தோளிலிருந்து இறக்கிய பிறகுதான் பிள்ளை வாயை மூடினாள். அப்புறம்தான் ஜிலேபி எங்கே என்று கேட்டாள்.

காலையில் தெருவே வாசலில் கூடிவிட்டது. எவ்வளவு பெரிசு என்று கேட்டார்கள். வாசற்படிக்கு உள்ளே நின்றபடி, பெரிய நாய் அளவு என்றேன். ஒருவரும் நம்பவில்லை. "இன்னா தல, அன்னிக்கு கன்னுக்குட்டின்ன, இன்னிக்கு நாய்ன்ற? ஒயுங்கா சொல்லு" என்று கோபித்துக்கொண்டு போனார்கள். வனத்துறைக்காரர் மட்டும் நான் சொன்னதை எழுதிக்கொண்டு தலையாட்டினார். கூண்டு வைக்கப் போகிறார்களாம். இரை தீர்ந்தால் தானாகக் காட்டுக்குத் திரும்பினாலும் திரும்பும் என்கிறார்கள். எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது.

வீட்டுக்குள் எனக்குப் பேச்சு வருகிறது. வாசற்படியைத் தாண்டினால் வருவதில்லை. நேற்றிலிருந்து இப்படித்தான். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். தேவியை இன்றைக்கு ஜெய்னப் வந்து அழைத்துப் போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

பயமாக இருந்தால் பயம் என்றே எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். லீவு கிடைத்ததும் வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போ. நான் இருக்கிறேன் என்று இனிமேல் உனக்கு எழுத முடியாது.

மாமா துரைராஜ்


வால்பாறை
15.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அதில் ஒரு வரியைக்கூட நான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வாய் திறக்க முடியாமல் போனதற்கு வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கீழ் லைனில் அந்தச் சாயங்காலம் எவ்வளவோ பேர் இருந்தோம். குளிர் என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் பேச்சுக் குரலே இல்லை. எட்டு மாதமாக எனக்கு அந்த அமைதிதான் காதில் கேட்கிறது. உங்கள் தோளில் உட்கார்ந்து என் மகள் போட்ட சத்தம் இங்கே கற்றுக்கொண்டது இல்லை. நானும் பேசாதவள், அவள் அப்பாவும் பேசாதவர். நீங்கள் தினமும் அந்த வழியில் கத்திக்கொண்டு போகாவிட்டால், அன்றைக்கு அவளிடம் சொல்வதற்கு என்ன இருந்திருக்கும்?

அவளை எங்கே கொண்டுபோவது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அது இல்லாத ஊரைத் தேடித்தான் அவளை அங்கே அனுப்பினேன். இனியும் தேடி ஓட என்னால் முடியாது. அழைத்துப் போக வரவில்லை, மாமா. கூட இருக்க வருகிறேன். தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைக்கிறவரைக்கும் நானும் ஹாலிலேயே படுத்துக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் மாறி, ஊரப்பாக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆட்டோ முனைவரைக்கும்தான் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து நம் வீடுவரை நான் நடந்துதான் வர வேண்டும்.

நீங்கள் முனைக்கு வர வேண்டாம். தேவியை அத்தையோடு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாசற்படியைத் தாண்டி ஒரே ஒரு அடி வெளியே வந்து நில்லுங்கள். நசீர் அண்ணனைத் துணைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே நின்று பேசுங்கள். நடந்தது, நடக்காதது, எது வேண்டுமானாலும். முனைவரைக்கும் கேட்க வேண்டும். முதலில் குரல் வராது, அது எனக்குத் தெரியும். வருகிறவரைக்கும் நான் ஆட்டோவைவிட்டு இறங்க மாட்டேன், உட்கார்ந்திருப்பேன். உங்கள் சத்தம் கேட்ட பிறகுதான் நடக்க ஆரம்பிப்பேன். நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

சந்திரிகா